கார்டு மாற்றும் முன் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கேமிங் கணினி

கேள்வி: ஐயா, வணக்கம். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 2018-ல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. இன்டெல் ஐ5-8400 பிராசஸர், எச்310 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 24 அங்குல 1080பி மானிட்டர். எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 6 பின் வயர் இல்லாததால் அப்போது கடையில் ஒரு கன்வெர்ட்டர் போட்டுக் கொடுத்தார்கள். சில மாதங்களாக கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கணினி மொத்தமாக அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆகிறது. பாட வேலை, பிரவுசிங் செய்யும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. கார்டு போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார் கடைக்காரர். 40,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். எந்தக் கார்டு வாங்கலாம்? எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டுமா? அதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு தந்தை, தூத்துக்குடி

பதில்: படம் அனுப்பினீர்களே, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள். கீழே இருக்கும் சின்னக் கட்டங்களைப் பாருங்கள். 3.3 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். அப்படியானால் 12 வோல்ட் லைனில் கிடைப்பது 216 வாட். மற்ற இரண்டும் 66, 100 வாட். மைனஸ் 12 வோல்ட்டுக்கு 6 வாட், ஸ்டேண்ட்பைக்கு 10 வாட். எல்லாவற்றையும் கூட்டினாலும் 398-தான் வருகிறது. அதன் ஸ்டிக்கரே அதன் 450-ஐ ஒப்புக்கொள்ளவில்லை.

இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. உங்கள் 1060 முழு வேகத்தில் 120 வாட் எடுக்கும். ஐ5-8400 கேமில் 65-லிருந்து 80 வாட் வரை போகும். போர்டு, ஃபேன், ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்த்து இன்னொரு 30. ஆக, மகன் கேமைத் திறந்ததுமே அந்த 216-ஐ முட்டிக்கொண்டு நிற்கிறது. புதிதாக இருந்தபோது எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களுக்கு ஆயுள் உண்டு. சூடு 10 டிகிரி கூடினால் அந்த ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மே மாத தூத்துக்குடியில், மேஜைக்கு அடியில், இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. பிரவுசிங்கில் ஒன்றும் ஆகாமல் கேமில் மட்டும் அணைவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கார்டு பழுதானால் அது பெரும்பாலும் வேறு மாதிரி காட்டிக்கொடுக்கும். திரையில் கலர் கலராகக் கட்டங்கள் சிதறும், கோடு விழும். அல்லது கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை மட்டும் கறுத்து, கார்டின் ஃபேன் ஹோவென்று இரையும். மொத்த மெஷினும் ஒரே நொடியில் செத்து உயிர்த்தெழுவது கார்டின் வழக்கமான குணம் அல்ல. விண்டோஸில் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் அந்த நேரத்துக்கு நேராக ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு பதிவு இருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் கணினி அணைந்துவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆனால் அதற்கு முந்தைய வரிகளில் டிஸ்ப்ளே டிரைவர் பற்றிய புகார் எதுவும் இல்லையென்றால் என் சந்தேகம் இன்னும் பலமாகும்.

சந்தேகத்தைத் தீர்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. மகனுடைய நண்பர்களில் கேமிங் கணினி வைத்திருப்பவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு மாலைக்கு மட்டும் அதன் வயர்களோடு கடன் வாங்கி, இதே 1060-ஐ அதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் கேம் ஓடினால் கார்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கழற்றும்போது அந்தக் கன்வெர்ட்டரையும் கையில் எடுத்துப் பாருங்கள். டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் தட்டையான சாட்டா பிளக்கிலிருந்து 6 பின்னுக்குப் போகும் வகையாக இருந்தால், அந்தச் சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் மூன்றும் சேர்ந்து தாங்குவது 54 வாட்தான். 6 பின்னுக்கு 75 வாட் வரை உரிமை உண்டு. பிளக்கின் ஓரம் பழுப்பேறியோ லேசாக இளகியோ இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எப்படி இருந்தாலும் அதை மறுபடி மாட்ட வேண்டாம், குப்பையில் போடுங்கள். இந்தக் கன்வெர்ட்டர்களால் கருகிய வயர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

அதனால் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில்: ஆம், அதைத்தான் முதலில். 40,000-ல் 6,000 முதல் 7,000 வரை இதற்கென்று எடுத்து வைத்துவிடுங்கள். 550 வாட் போதும், 650 என்றால் நிம்மதி. புதுக் கார்டு 160, பிராசஸர் 80, மற்றவை 50 என்று வைத்தாலும் 290-தான் ஆகிறது. ஆனால் இப்போதைய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தம் அளவைத் தாண்டி ஒரு இழு இழுத்துவிட்டுத் திரும்பும். அந்த இழுப்புக்கு இடம் வேண்டும். எஸ்எம்பிஎஸ்களுக்கான புதிய விதிமுறையான ஏடிஎக்ஸ் 3.0, 3.1 என்று பெட்டியில் போட்டிருந்தால் அந்தத் திடீர் இழுப்பை எதிர்பார்த்து வடிவமைத்தது என்று பொருள். 1000 வாட் வாங்கச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கடையில் பெட்டியைத் திருப்பி இதே கணக்கைப் போடுங்கள். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் போட்டிருக்கும், 540 வாட். 650 என்றால் 54 ஆம்பியர், 648 வாட். மொத்த வாட்டும் 12 வோல்ட்டும் இப்படி ஒட்டி நிற்க வேண்டும். 80 பிளஸ் முத்திரையைப் பலர் தரச் சான்றிதழாக நினைக்கிறார்கள். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அமெரிக்காவின் 115 வோல்ட் சோதனையில், பாதி லோடில், ப்ரான்ஸ் முத்திரைக்கு 85 சதவீத மின்சாரம் வீணாகாமல் பயன்பட வேண்டும், கோல்டுக்கு 90. கேமுக்கு மட்டும் ஓடும் கணினியில் இந்த வித்தியாசத்தால் ஈபி பில் பெரிதாகக் குறையாது. ஆனாலும் கோல்டு கிடைத்தால் எடுங்கள். சூடு குறையும், பெரும்பாலும் உள்ளே போடும் பாகங்களும் மேலானவையாக இருக்கும். என்னைக் கேட்டால் முத்திரையைவிட வாரன்டியைப் பார்ப்பேன். 5 வருஷத்துக்குக் குறைவாகத் தருபவரிடம் வாங்க மாட்டேன். 7, 10 வருஷம் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்து வரப்போகும் இரண்டு கார்டுகளுக்கும் இதே எஸ்எம்பிஎஸ் உழைக்கும்.

இப்போது கார்டு. 1060 தேறிவிட்டாலும் அதற்கு வயதாகிவிட்டது, 2016-ல் வந்தது. 10 வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆகவே மாற்ற நினைப்பது நியாயம்தான், அவசரம்தான் இல்லை.

உங்கள் எச்310 போர்டில் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட். இதைக் கவனிக்காமல் கார்டு வாங்கினால் பணம் வீணாகும். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 7600 எல்லாம் பார்க்க முழு நீளக் கனெக்டரோடு வந்தாலும் அதில் 8 லேன்தான் (தரவு போகும் பாதை) வேலை செய்யும், ஸ்லாட்டில் இருப்பது 16. புதிய போர்டில் அது குறையே அல்ல. உங்கள் 3.0 போர்டில் லேனுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. அதனால் 16 ஜிபி போக வேண்டிய பாதையில் 8 ஜிபிதான் போகும். கார்டின் சொந்த மெமரிக்குள் கேம் அடங்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. இப்போது வரும் பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரம்) கூட்டி வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. மிச்சத்தைக் கணினியின் ராமிலிருந்து அந்தக் குறுகிய பாதை வழியாக இழுக்க வேண்டி வரும். அப்போது படம் தட்டித் தட்டி ஓடும். 2025-ல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 லேனும் பயன்படுத்துகிறது, 16 ஜிபி மெமரியிலும் கிடைக்கிறது, 160 வாட்தான் எடுக்கிறது. உங்கள் பழைய போர்டுக்கு நான் சொல்வது இந்த 16 ஜிபி கார்டு. அதன் 8 ஜிபி வகையைத் தள்ளிவிடலாம் என்று கடையில் பார்ப்பார்கள், பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் போக மிச்சப் பணத்தில் அது அடங்கவில்லையா? இப்போதைக்கு எஸ்எம்பிஎஸ் மட்டும் வாங்கி 1060-ஐ ஓட்டுங்கள். கொஞ்சம் பொறுத்து வாங்கலாம். மகன் பிளெண்டர் போன்ற 3டி வேலையும் செய்கிறான் என்றால் மட்டும் என் பதில் மாறும். அதற்கு என்விடியாவின் 5060 டிஐ 16 ஜிபி பொருத்தம், விலை கூடுதல்.

இன்டெல்லின் ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு, 12 ஜிபி. ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைஸபிள் பார் என்ற வசதி போர்டில் இருந்தால்தான் அது முழுதாக ஓடும். 10-ம் தலைமுறை பிராசஸருக்குக் கீழே வேண்டாம் என்று இன்டெல்லே சொல்கிறது. உங்களுடையது 8-ம் தலைமுறை. வேண்டாம்.

ஒன்றை மகனிடம் கேளுங்கள்: அதிகம் ஆடுவது எது? வேலோரண்ட் மாதிரி கேம் என்றால் அதன் வேகத்தைத் தீர்மானிப்பது பிராசஸர்தான், 35,000 ரூபாய்க் கார்டு போட்டாலும் பெரிய மாற்றம் தெரியாது. சைபர்பங்க் 2077 போன்ற கேம் என்றால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு எத்தனை சதவீதம் என்று பார்க்கச் சொல்லுங்கள். 95-க்கு மேல் நின்றால் கார்டுதான் மூச்சு வாங்குகிறது. 60-ல் நின்றால் பிராசஸர்.

வாங்கும் முன் கேபினெட்டின் பின்பக்க ஸ்லாட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மூன்று ஃபேன் கார்டுகள் 30 சென்டிமீட்டரையும் தாண்டுகின்றன. இரண்டு ஃபேன் உள்ளதே உங்களுக்குப் போதும்.

கேள்வி: சார், புது மாடுலர் (வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் வாங்கியிருக்கிறேன். பழையதும் மாடுலர்தான், வேறு கம்பெனி. பழைய வயர்கள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பெட்டியை மட்டும் மாற்றி அதே வயர்களைச் சொருகிக்கொள்ளலாமா? பிளக் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது.
— பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: தம்பி, பவர் ஸ்விட்சில் கை வைக்காதே. இதைப் படித்ததும் எல்லா வயரையும் கழற்று.

வயருக்கு இரண்டு முனை. போர்டு, கார்டு, டிஸ்க்கில் சொருகும் முனைக்கு உலகம் முழுக்க ஒரே விதி. எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகும் முனைக்கு எந்தப் பொது விதியும் கிடையாது. எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5, எது கிரவுண்ட் என்பதைத் தயாரிப்பவர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே இது மாறும். பிளாஸ்டிக் பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சாட்டா வயரில் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால், ஆன் செய்த அந்த நொடியே எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் போய்விடும். உன் புராஜெக்ட், குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்க்கை வாரன்டியில் மாற்றித் தரவும் மாட்டார்கள்.

பழைய கட்டுகளை வெட்டி எடு. புதிய பெட்டியோடு வந்த வயரை மட்டும் போடு. இன்னொன்று: பிராசஸருக்குப் போகும் 8 பின் வயர் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்குப் போவது 6+2 ஆகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். அழுத்தித் திணித்தால் ஒன்றில் இன்னொன்று போய்விடுகிற சந்தர்ப்பமும் உண்டு. விரலால் சொருகும்போது இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிட்டு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படி. பழைய வயர்களைப் பழைய பெட்டியோடேயே ஒரு பையில் போட்டுக் கட்டிவை, வேறு யாரும் எடுத்துச் சொருகாமல் இருக்கட்டும்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் புதிதாக மாற்றினேன். வீட்டில் 600 விஏ யுபிஎஸ். முன்பெல்லாம் கரன்ட் போனால் கணினி நிற்காது. இப்போது கேம் ஆடும்போதோ வீடியோ ரெண்டர் செய்யும்போதோ கரன்ட் போனால் உடனே அணைந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது போனால் அணைவதில்லை. புது எஸ்எம்பிஎஸ்ஸில் பழுதா?
— இல்லத்தில் இருந்து வீடியோ எடிட்டிங் செய்யும் வாசகி, சேலம்

பதில்: பழுது இருக்காது, சகோதரி. 600 விஏ என்பது வாட் அல்ல. யுபிஎஸ்ஸின் பின்புறம் பாருங்கள், பெரும்பாலும் 360 வாட் என்று சிறிதாகப் போட்டிருக்கும். ரெண்டரில் உங்கள் கணினி 300 வாட் எடுத்தால், எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பையும் சேர்த்துச் சுவரிலிருந்து 340 ஆகும். மானிட்டரும் அதே யுபிஎஸ்ஸில் இருந்தால் 360-ஐத் தொட்டுவிட்டது. பேட்டரிக்கு இரண்டு, மூன்று வயது ஆகியிருந்தால் அந்த 360-ஐயும் அது தராது.

இன்னொரு காரணமும் சேரலாம். நல்ல எஸ்எம்பிஎஸ்களில், சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக எடுக்க உதவும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் இருக்கும். விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது வளைவான அலைக்குப் பதில் படிப்படியான அலையைத் தருகின்றன. சில எஸ்எம்பிஎஸ்களுக்கு, லோடு அதிகமான நேரத்தில், அது ஒத்துக்கொள்வதில்லை. 1000 விஏ, 600 வாட், லைன் இன்டராக்டிவ் (வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்யும்) வகைக்கு மாறுங்கள். கையில் வசதி இருந்தால் வளைவான அலையையே தரும் ப்யூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். ரெண்டரை முடித்துவிடும் நேரம் யுபிஎஸ் தராது, சேவ் செய்து அணைக்கும் நேரம் தரும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து அதில் நேரடியாகப் போட்டிருந்தால், அதன் பின்புறத்தில் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் அறுந்த பிறகு எஸ்எம்பிஎஸ் தன்னுள் இருப்பதை வைத்துச் சமாளிப்பது ஏறக்குறைய 16 மில்லி விநாடிதான். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் அது முடிந்துவிடும்.

கேள்வி: புது எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகு கேபினெட்டின் இரும்பில் கை பட்டால் சுருக்கென்கிறது. வெறும் காலோடு நின்றால் நன்றாகத் தெரிகிறது. கடைக்காரர் எல்லா கணினியிலும் அப்படித்தான் இருக்கும் என்கிறார்.
— வாசகர், கும்பகோணம்

பதில்: எர்த் இல்லாத எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், மையம் கேபினெட் உடம்போடு சேரும்படி வைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு தரைக்குள் போய்விடும். இல்லாவிட்டால் 230-ல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேபினெட் உடம்பில் வந்து உட்காரும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு நிற்கிறது. ஆனால் கணினி ஆனில் இருக்கும்போது டிவியின் எச்டிஎம்ஐ வயரைச் சொருகினால், அந்த வோல்ட் கார்டின் போர்ட் வழியாகப் பாய்ந்து போர்ட்டைக் கருக்கிவிடலாம்.

அந்த பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டைக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அது வராத வீடுகளில் பெரும்பாலும் வெளியே எர்த் குழியில் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும், அல்லது இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கணினியைச் சொருகியிருப்பார்கள். குழந்தைகள் தொடும் கணினி என்றால் இதைச் சரிசெய்யும்வரை பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: கையில் 8,000 ரூபாய்தான் இருக்கிறது. பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டு வருகிறது. கிரிப்டோ நாணயம் உருவாக்கும் மைனிங்கில் ஓடியதாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: எத்திரியம் மைனிங் 2022 செப்டம்பரோடு கிராபிக்ஸ் கார்டுகளுக்கு முடிந்துபோனது. அப்போது கழற்றியவைதான் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம், ஃபேனும், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும்தான் அதில் தேய்ந்திருக்கும். ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பேடிலிருந்து எண்ணெய் வழிந்த கறை போர்டின் ஓரத்தில் இருக்கிறதா பாருங்கள்.

உங்கள் முன்னால் ஒரு கணினியில் மாட்டி அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ஷேடர்ஸ் என்ற இடத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். அசல் ஆர்எக்ஸ் 580-ல் 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது 580 என்ற பெயரில் வந்த குறைந்த வகை, அதற்கு அந்த விலை கொடுக்க வேண்டாம். இந்தக் கார்டு 185 வாட் எடுக்கும். தூத்துக்குடி அன்பரின் எஸ்எம்பிஎஸ் போல ஒன்று உங்களிடம் இருந்தால், 8,000-ஐ முதலில் அதற்கே செலவிடுங்கள்.